பேட்டரி எதனால் சாகிறது

மாட்டுவண்டியின் கடையாணி, நுகத்தடி, பூட்டாங்கயிறு என ஒவ்வோர் உறுப்பையும் பெயர் சொல்லி எழுதியது கரிசல் இலக்கியம். அதே வண்டிப்பாதையில் பின்னால் வந்த மோட்டார் காரோ, பெரும்பாலும் புழுதி கிளப்பிக்கொண்டு கடந்து போகும் ஒரு பொருளாகவே அந்த எழுத்துகளில் நின்றுவிட்டது. 2014-இல் வெளிவந்த 'பண்ணையாரும் பத்மினியும்' திரைப்படத்தைப் போன்ற விதிவிலக்குகள் உண்டு. எனினும் காரின் பானட்டுக்குள் எட்டிப் பார்த்து, அங்கே நடப்பதை நடப்பதாகவே சொல்லும் எழுத்து தமிழில் குறைவு என்றுதான் எண்ணத் தோன்றுகிறது. அந்தக் குறையைப் போக்கும் தகுதி எங்களுக்கு இல்லை. ஆனால் ஒரு பழைய காரின் நோயைக் கண்டறிந்த கதையைச் சொல்லலாம். அது விருதுநகரில் நடந்த கதை என்பதால், கார் தொடர்பில்லாத ஓர் இடத்திலும் போய் அது நிற்கும்.

கார் ஸ்டாண்டர்டு ஹெரால்டு. 1969-ஆம் ஆண்டு மாடல். இங்கிலாந்தில் 1959-இல் டிரயம்ப் ஹெரால்டு என்று அறிமுகமான வண்டியை, வண்டலூர் அருகே இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் ஆலை 1961 முதல் சென்னையில் தயாரித்தது. வடிவம் வரைந்தவர் இத்தாலியரான ஜொவான்னி மிக்கெலோட்டி. 948 சிசி என்ஜின். மற்ற நாடுகளில் இரண்டே கதவுகள். நான்கு கதவு வைத்த ஹெரால்டு இந்தியாவில் மட்டுமே செய்யப்பட்டது. அம்பாசிடர் கல்கத்தாவுக்கும் ஃபியட் பம்பாய்க்கும் சொந்தம் என்றால், ஹெரால்டு நம் பக்கத்துப் பிள்ளை. அதன் பானட் முன்பக்கத்து மட்கார்டுகளோடு சேர்ந்து மொத்தமாக முன்னோக்கிச் சாயும். முதலை வாய் திறப்பது போல இருக்கும் என்று எங்கள் தெருவில் சொல்வார்கள். திறந்தால் என்ஜினைச் சுற்றி வந்து எல்லாப் பக்கமும் பார்க்கலாம். மறைவு ஒன்றும் இல்லாத வண்டி என்று அதற்கு ஒரு பெயர் உண்டு. நோய் ஒளிந்துகொள்ள அதிலும் இடம் இருந்தது என்பதைப் பின்னால் சொல்கிறோம்.

மற்றொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். பிற்காலத்துக் கார்களைப் போல உடலே சட்டமாக அமைந்த வண்டி அல்ல அது. கீழே இரும்புச் சேஸிஸ்; மேலே போல்ட்டுகளால் முடுக்கிய உடல்; ரப்பர் தாங்கிகளின் மேல் என்ஜின். ஆக மூன்று தனித் துண்டுகள். மின்சாரம் பேட்டரியிலிருந்து வயர் வழியே வெளியே போகும். திரும்பி வருவதற்குத் தனி வயர் கிடையாது. வண்டியின் இரும்பே திரும்பும் பாதை. அந்தப் பாதைக்கு 'எர்த்து' என்று பெயர். மூன்று துண்டுகளையும் இணைக்கும் பட்டைகளும் திருகுகளும் எங்கேனும் ஓரிடத்தில் துருப்பிடித்தால், மின்சாரம் ஊருக்குப் போய்விட்டு வீடு திரும்ப வழியில்லாமல் தவிக்கும்.

*

எங்கள் தந்தையார் வத்தல், மல்லி கமிஷன் கடை வைத்திருந்தவர். 1976-இல் இந்தக் காரை இரண்டாவது கையாக வாங்கினார். கடைக் கணக்கை எழுதிய அதே ஒழுங்கோடு காருக்கும் ஒரு கணக்கு எழுதினார். ஆண்டுதோறும் சிவகாசி அச்சகங்களிலிருந்து கடைக்கு வரும் டைரிகளில் ஒன்று காருக்கென ஒதுக்கப்படும். பெட்ரோல் எத்தனை லிட்டர், ஆயில் மாற்றிய தேதி, பஞ்சர், பல்பு, பேட்டரித் தண்ணீர், யார் வீட்டுத் திருமணத்துக்குப் போய் வந்தது, வழியில் எங்கே நின்றது என எல்லாம் அதில் இருக்கும். 2009 வரை கார் ஓடியது. பிறகு ஷெட்டில் நின்றது. 2021-இல் அவர் காலமான பின் காரும் முப்பத்துச் சொச்சம் டைரிகளும் எங்கள் மூவருக்கும் பொதுச் சொத்தாயின.

காரை வைத்துக்கொள்வதா, காயலான் கடைக்குப் போடுவதா என்ற கேள்வி எழுந்தது. பழைய வண்டிகளின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 2022 ஏப்ரலில் 5,000 ஆகவும், 20 ஆண்டைக் கடந்த கார்களுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆகவும் உயர்ந்தது. ஐம்பது ஆண்டைக் கடந்தவற்றை 'வின்டேஜ்' எனப் பதிவு செய்ய 2021-இல் விதி வந்தது. ஆனால் அப்படிப் பதிவு செய்தால் அன்றாடம் ஓட்டக்கூடாது. எங்கள் தாயாருக்கோ அது ஓட வேண்டும். திருத்தங்கல் பெருமாள் கோயிலுக்கும் சிவகாசியில் இருக்கும் தம் தங்கை வீட்டுக்கும் அந்தக் காரில்தான் போவேன் என்பது அவர் கட்சி. விருதுநகரிலிருந்து சிவகாசி 25 கிலோமீட்டர் சொச்சம்தான். அந்தத் தூரத்தைப் போகும் கார், திரும்பி வர மறுத்தது. அதுதான் நோய்.

காலையில் முதல் திருப்பிலேயே உயிர் பெறும். வழியில் ஒரு குறையும் தெரியாது. போய்ச் சேர்ந்து, நிறுத்தி, கால் மணி நேரம் கழித்துச் சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் 'உம்… உம்…' என்று முனகி நின்றுவிடும். ஒரு மணி நேரம் காத்திருந்தால் மறுபடி ஓடும். இதற்கிடையில் புதிதாக வாங்கிய பேட்டரி பத்தே மாதத்தில் தகடு உப்பிச் செத்தது.

*

சூடான என்ஜின் ஓட மறுப்பதை ஒரே நோய் என்று எண்ணுவது ஜுரத்தை ஒரே நோய் என்று எண்ணுவதைப் போன்றது. முதலில் கேட்க வேண்டிய கேள்வி: ஸ்டார்ட்டர் வழக்கமான வேகத்தில் சுற்றுகிறதா, இல்லையா?

சுற்றவில்லை என்றால் அது மின்சாரத்தின் வழக்கு. செம்பின் மின்தடை ஒவ்வொரு 10 டிகிரி வெப்பத்துக்கும் ஏறக்குறைய 4 சதவீதம் உயரும். என்ஜின் அறையில் காலையில் 30 டிகிரியில் இருந்த ஸ்டார்ட்டர், மதியம் 100 டிகிரியைத் தொட்டால் அதன் சுருள்களின் தடை கால் பங்குக்கு மேல் கூடிவிடுகிறது. வழியில் உள்ள இணைப்புகள் சுத்தமாக இருந்தால் இதைத் தாங்கலாம். ஏற்கெனவே ஓரிடத்தில் அடைப்பு இருந்தால், இந்தக் கூடுதல் சுமை ஒட்டகத்தின் முதுகில் ஏறுகிறது.

நன்றாகச் சுற்றியும் பற்றவில்லை என்றால் பெட்ரோலையோ பொறியையோ சந்தேகிக்க வேண்டும். பெட்ரோல் ஒரே பொருள் அல்ல. பல திரவங்களின் கலவை. அதில் இலேசானவை 40 டிகிரிக்கு முன்பே கொதிக்கத் தொடங்கிவிடும். ஓடும்போது காற்றும் புதிய பெட்ரோலும் பம்பைக் குளிர்விக்கின்றன. நிறுத்திய பின்புதான் என்ஜினின் சூடு மேலேறி, பம்பையும் கார்புரேட்டரையும் வேகவைக்கிறது. பம்புக் குழாயில் ஆவி அடைத்தால் பெட்ரோல் வராது. கார்புரேட்டர்க் கிண்ணத்தில் கொதித்தால், பெட்ரோல் அளவுக்கு மீறி உள்ளே வழிந்து என்ஜினை மூழ்கடிக்கும். முன்னது பட்டினி, பின்னது அஜீரணம். மருந்தும் வேறு வேறு. அந்தக் காலத்து டிரைவர்கள் பம்பின் மேல் ஈரத்துணி போடுவார்கள். அது வைத்தியம் மட்டுமன்று, சோதனையும்கூட. துணி போட்டதும் ஓடினால் நோய் ஆவியடைப்பு. ஓடாவிட்டால் மிதியை முழுவதும் அழுத்திப் பிடித்துச் சுற்றிப் பார்ப்பார்கள். வழிந்த பெட்ரோல் காற்றோடு வெளியேறி, இருமிக்கொண்டே என்ஜின் எழும். இரண்டுக்கும் மசியாவிட்டால் காயிலும் கண்டென்சரும். இவை சூட்டில் செத்து, ஆறியதும் பிழைக்கும் தன்மை கொண்டவை.

விருதுநகர்க் கோடை இந்த மூன்றையும் ஒரே நாளில் கொண்டுவரக் கூடியது. மே மாதத்தில் 40 டிகிரி இங்கே செய்தியே அல்ல. கரிசல் மண் வாங்கிய வெயிலை இரவுவரை திருப்பித் தந்துகொண்டிருக்கும். தந்தையாரின் டைரிகளில் 'கேட்டில் நின்றது' என்ற குறிப்பு அடிக்கடி வருகிறது. ரயில்வே கேட் மூடியதும் என்ஜினை நிறுத்துவது அவர் வழக்கம். சரக்கு ரயில் போய் முடிவதற்குள் அடியிலிருந்து சூடு ஏறிவிடும். பிறகு தள்ளு.

*

எங்களுக்கு வழிகாட்டியவர் சிவகாசியில் ஆட்டோ எலக்ட்ரிகல் வேலை பார்க்கும் ஒரு பெரியவர். அறுபதைக் கடந்தவர். அவரை அண்ணாச்சி என்றே நாங்கள் அழைப்போம். இங்கும் அப்படியே குறிப்பிடுகிறோம். கார் ஒரு மே மாத மதியத்தில் பட்டாசு ஆலைகள் நிறைந்த கிளைச்சாலை ஒன்றில் நின்றுபோனது. சாலையில் வந்த இளைஞர் ஒருவர் ஸ்குரூடிரைவரால் ஸ்டார்ட்டரின் இரண்டு முனைகளையும் இணைத்துச் சுற்றிப் பார்க்கலாம் என்று கை நீட்டினார். பொதுவாக எல்லா ஊரிலும் செய்வதுதான். நீலப் பொறி ஒன்று பறக்கும், அவ்வளவே. ஆலை வாசலில் இருந்த காவலாளி கத்திக்கொண்டே ஓடி வந்தார். தொலைபேசியில் அழைத்து வந்த அண்ணாச்சியும் பானட்டைத் திறக்கவே சம்மதிக்கவில்லை. நால்வர் சேர்ந்து இரண்டு பர்லாங் தூரம் தள்ளி, ஒரு வேப்பமர நிழலுக்குக் கொண்டு போன பிறகே திறந்தார். திறந்த பின்னும் சற்று நேரம் கை வைக்கவில்லை.

அவர் காத்திருந்ததற்குக் காரணம் இருந்தது. அளவுக்கு மீறிச் சார்ஜ் ஆகும் பேட்டரி கொதித்து ஹைட்ரஜனை வெளிவிடும். காற்றில் நூற்றுக்கு நான்கு பங்கு சேர்ந்தால் போதும், ஒரு பொறியில் அது வெடிக்கும். எர்த்து முனையை முதலில் கழற்றுவது, கடைசியில் மாட்டுவது என்ற பழைய ஒர்க்ஷாப் விதியும் இதையொட்டியதே. ஸ்பானர் தவறி இரும்பில் பட்டாலும் பொறி பறக்காது.

அண்ணாச்சி முதலில் கேட்டது டைரியைத்தான். மூன்று நாள் கழித்து அவர் கடையில், டைரிகளைப் புரட்டிப் பார்த்து அவர் சேகரித்தவை இவை. 1994-க்கு முன்பு ஒரு பேட்டரி மூன்று, நான்கு ஆண்டு உழைத்திருக்கிறது. அதற்குப் பின் ஏழு ஆண்டுகளில் ஐந்து பேட்டரிகள். பேட்டரித் தண்ணீர் முன்பு மாதம் ஒருமுறை. பின்பு வாரம் ஒருமுறை. ஹெட்லைட் பல்புகள் முன்பு அரிதாகவும் பின்பு அடிக்கடியும் போயிருக்கின்றன. எந்தப் பேட்டரி, என்ன விலை என்று தந்தையார் எழுதியதையெல்லாம் அவர் கவனிக்கவே இல்லை.

"தம்பி, 1994-ல வண்டிக்கு என்ன செஞ்சீங்க?"

டைரியில் இருந்தது. அந்த ஆண்டு தை மாதம், எங்கள் அக்காவின் திருமணத்தை ஒட்டி, வண்டிக்குப் புதுப் பெயின்ட் அடிக்கப்பட்டது.

"தண்ணி நெறயக் குடிக்கிது, பல்பு போகுதுன்னா சார்ஜு கூடிப்போச்சுன்னு அர்த்தம். ஸ்டார்ட்டரு முனகுதுன்னா கரண்டு பத்தலன்னு அர்த்தம். ஒரே வண்டியில கூடவும் கூடுது, பத்தாமலும் போகுது. அப்ப பேட்டரி என்ன செய்யும், பாவம்?"

பிறகு அளந்தார். அவரிடம் இருந்தவை ஒரு மல்டிமீட்டரும் ஒரு டெஸ்ட் லாம்பும்தான். நின்றிருந்த நிலையில் பேட்டரி 12.6 வோல்ட், குறையில்லை. வண்டியை ஓட்டிச் சூடாக்கி வந்து, ஸ்டார்ட்டரைச் சுற்றவிட்டு அளந்தபோது பேட்டரியின் முனைகளில் 10.4. ஸ்டார்ட்டரில் 8.1 மட்டுமே. நடுவில் இரண்டு வோல்ட்டுக்கு மேல் வழியில் தொலைகிறது. போகிற பாதையில் தொலைகிறதா, திரும்பும் பாதையில் தொலைகிறதா? மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் எர்த்து முனையிலும் மறுமுனையை என்ஜினின் இரும்பிலும் வைத்தார். அரை வோல்ட்டுக்குள் இருக்க வேண்டிய இடத்தில் 1.9 காட்டியது. என்ஜினையும் உடலையும் இணைக்கும் பின்னல் பட்டையைக் கழற்றினார். அதன் போல்ட்டுக்கு அடியில், 1994-இன் பெயின்ட் வழவழவென்று அப்படியே இருந்தது. ஓரங்களில் பச்சைக் களிம்பு.

அடுத்தது சார்ஜ். அக்காலத்துக் கார்களில் இப்போதைய ஆல்டர்னேட்டர் கிடையாது, டைனமோதான். அதிலிருந்து வரும் மின்சாரத்தை, இரண்டு சுருள்கள் கொண்ட ஒரு சிறு பெட்டி கட்டுப்படுத்தும். ஒரு சுருள் 'கட்-அவுட்'. என்ஜின் நின்றதும் பேட்டரி மின்சாரம் டைனமோவுக்குத் திரும்பிப் போகாமல் கதவைச் சாத்துகிறது. மற்றொன்று ரெகுலேட்டர், வோல்ட் எல்லை மீறும்போதெல்லாம் டைனமோவின் காந்தத்தைத் தளர்த்துகிறது. இதை வடிவமைத்த பர்மிங்காம் நிறுவனத்தின் மின்சாதனங்களைக் கேலி செய்து, அந்நிறுவனர் ஜோசப் லூகாஸை 'இருளின் இளவரசன்' என்று அழைப்பது உலகெங்கும் பழைய கார்ப் பிரியர்களின் பொழுதுபோக்கு. 1961-இல் சென்னைப் பாடியில் லூகாஸ்-டி.வி.எஸ். தொடங்கிய பிறகு அந்தச் சாதனங்கள் நம் ஊர்ச் சரக்காயின. அண்ணாச்சி அந்தக் கேலியைக் கேள்விப்பட்டதில்லை. கேட்டிருந்தாலும் சிரித்திருக்க மாட்டார் என்றே எண்ணுகிறோம்.

டைனமோவின் இரண்டு வயர்களையும் கழற்றி, 'டி', 'எஃப்' என்ற இரு முனைகளையும் ஒரு துண்டுக் கம்பியால் இணைத்து, என்ஜினை மெல்ல முடுக்கினார். வோல்ட் தங்குதடையின்றி இருபதை நோக்கி ஏறியது. அரை வோல்ட், ஒரு வோல்ட்டில் நின்றிருந்தால் காந்தச் சுருள் போய்விட்டது என்று பொருள். நான்கு, ஐந்தில் நின்றிருந்தால் ஆர்மேச்சர். எங்கள் டைனமோ தப்பியது. பிறகு ரெகுலேட்டர். கட்-அவுட்டின் தொடுமுனைகளுக்கு இடையில் ஓர் உலர்ந்த அட்டைத் துண்டைச் செருகித்தான் அதை அளக்க வேண்டும். சிவகாசியில் அட்டைக்கா பஞ்சம்? பழைய நாட்காட்டியின் பின்னட்டை ஒன்று அதற்கு உதவியது. 20 டிகிரி வெப்பத்தில் 16.0 முதல் 16.6 வோல்ட், 40 டிகிரியில் 15.8 முதல் 16.4 வோல்ட் என்பது, சுமை ஏதும் இல்லாத நிலையில் அதற்கு விதித்த அளவு. வெயில் கூடினால் சார்ஜைக் குறைக்கும் அறிவு அந்தப் பெட்டிக்கு உண்டு என்பது எங்களுக்கு வியப்பாக இருந்தது. மீட்டர் 17.5-ஐத் தாண்டியது.

இந்த இடத்தில் பெரும்பாலோர் ரெகுலேட்டரின் திருகைத் திருப்பி அளவைக் குறைத்திருப்பார்கள்; அல்லது புதுப் பெட்டி ஒன்றைத் தேடியிருப்பார்கள். அண்ணாச்சி திருகைத் தொடவில்லை. பெட்டியின் 'ஈ' முனையிலிருந்து பேட்டரியின் எர்த்துக்கு நேராக ஒரு வயரைப் பிடித்தார். முள் விழுந்தது போல அளவு 16.2-க்கு இறங்கியது. ரெகுலேட்டர் நேர்மையானதுதான். அதன் எர்த்துத் திருகுக்கு அடியிலும் பெயின்ட். அதன் மேல் முப்பது ஆண்டுக் களிம்பு. தன் கால் மண்ணில் படாததால், வோல்ட் குறைவாக இருக்கிறது என்றே அது நம்பியது; நம்பி, இன்னும் இன்னும் என்று டைனமோவைக் கேட்டது. பேட்டரி கொதித்தது.

இரண்டு இடத்திலும் பெயின்ட்டைச் சுரண்டி, இரும்பு பளபளக்கும்வரை எமரித் தாள் போட்டு, வாசலின் தடவி முடுக்கினார். ஸ்டார்ட்டர் வெயிலிலும் சுற்றியது. மொத்தச் செலவு ஒரு புதிய பின்னல் பட்டையும் இரண்டு திருகுகளும். எத்தனை பேட்டரிகள் அந்தப் பெயின்ட்டுக்காகச் செத்தன என்று டைரியை வைத்துக் கணக்கிட்டுச் சொன்னோம். அதற்கு அவர் சொன்னதுதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது.

"பேட்டரிய மாத்துறது வைத்தியம் இல்ல தம்பி. செத்தவனுக்குப் பதிலா இன்னொருத்தனக் கூட்டிட்டு வந்து அதே எடத்துல நிறுத்துறது."

*

அவருடைய தங்கை ஒரு பட்டாசு ஆலையில் வேலை செய்தவர். பல ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒரு விபத்தில் இறந்தார். மறுநாள் செய்தித்தாளில் 'மருந்துக் கலவையில் ஏற்பட்ட உராய்வு காரணமாக' என்று வந்தது. அந்த வட்டாரச் செய்திகளைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு இந்தச் சொல் மனப்பாடம். உராய்வு. ஒரு சொல்லில் வழக்கு முடிந்துவிடுகிறது. உராய்ந்த கை இறந்தவருடையது என்பதால் குற்றமும் அவரோடு எரிந்துவிடுகிறது.

1920-களில் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்று வந்த அய்ய நாடார், சண்முக நாடார் ஆகியோரிலிருந்து தொடங்கி, தீப்பெட்டி, பட்டாசு, அச்சு என்று மழையற்ற மண்ணில் பிழைப்புக்கு வழி கண்ட ஊர் அது. 'குட்டி ஜப்பான்' என்ற பெயர் சும்மா வந்ததன்று. பொறியின் இயல்பை அந்த ஊர்த் தொழிலாளர்களைவிட அறிந்தவர்கள் குறைவு. மருந்து கலக்கும் அறைக்குள் நுழையும் முன் வாசலில் பதித்த செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டுப் போக வேண்டும். உடம்பில் சேர்ந்த நிலைமின்சாரம் மண்ணுக்குள் இறங்கிவிடும். பருத்தி உடைதான் உடுத்த வேண்டும். அறைக்கு இத்தனை பேர், இவ்வளவு மருந்து என்று வரம்பு உண்டு. கலவை வேலையை வெயில் ஏறும் முன் முடிக்க வேண்டும். அலுமினியப் பொடி சேர்ந்த கலவையில் ஈரம் பட்டால் தானே சூடேறும் என்பதால் மழைக்கும் அஞ்ச வேண்டும். அந்தச் செம்புத் தகடும், எங்கள் காரின் பின்னல் பட்டையும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. அண்ணாச்சி இதை விளக்கியபோது உவமையாகச் சொல்லவில்லை. எர்த்து என்றால் எர்த்துதான்.

2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் ஏறக்குறைய நாற்பது பேர் இறந்தனர். முதல் தீயைக் கண்டு உதவிக்கு ஓடிய அக்கம்பக்கத்தார் பலர் அடுத்த வெடிப்பில் சிக்கினர். 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். இத்தகைய விபத்துகளுக்குப் பின் நடந்த ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்பவை உராய்வைவிடப் பெரியவை: உரிமம் பெற்றவர் ஒருவர், உள்குத்தகைக்கு எடுத்து நடத்துபவர் இன்னொருவர், வரம்பை மீறிய ஆட்கள், வரம்பை மீறிய மருந்து, தீபாவளிக்குள் முடிக்க வேண்டிய ஆர்டர். இவையெல்லாம் அளக்கக்கூடியவை. அறையில் இருந்தவர்களை எண்ணலாம். மருந்தை எடை போடலாம். குத்தகைக் கை மாறியதை விசாரிக்கலாம். உராய்வு என்று எழுதுவது, பேட்டரி செத்துவிட்டது என்று எழுதுவதைப் போன்றது. பொய்யன்று. ஆனால் அங்கே நிறுத்திவிட்டால், அடுத்த வாரம் அதே அறைக்கு இன்னொருவர் வேலைக்கு வருவார்.

கார் வேறு, மனிதர் வேறு என்று ஒரு நண்பர் எங்களிடம் வாதாடினார். ஒரு காரின் திருகோடு நாற்பது உயிர்களை ஒப்பிடுவது நாகரிகமா என்றார். ஒப்பிட்டவர்கள் நாங்களல்லர். தங்கையை இழந்த ஒருவர், தம் தொழிலின் மொழியில் அந்த இழப்பைப் புரிந்துகொள்ள முயல்கிறார். அவரிடம் இருப்பது அந்த மொழிதான். முப்பது ஆண்டுகளாக அவர் எந்த வண்டிக்கும் ஊகத்தில் பொருள் மாற்றியதில்லை என்று அந்தத் தெருவில் சொல்கிறார்கள். வாடிக்கையாளர் அவசரப்பட்டாலும் முதலில் மீட்டரைத்தான் எடுப்பாராம். தாமதம் என்று சிலர் வேறு கடைக்குப் போய்விடுவதும் உண்டு. இப்பழக்கம் எப்போது தொடங்கியது என்று அவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

*

கதை இதோடு முடிந்ததாகச் சொன்னால் அது உண்மையாகாது. ஸ்டார்ட்டர் சுற்றத் தொடங்கிய பிறகுதான், அதன் பின்னால் மறைந்திருந்த அடுத்த குறை தலைகாட்டியது. நன்றாகச் சுற்றியும், நிறுத்திய பதினைந்து நிமிடத்துக்குள் என்ஜின் பற்றத் தயங்கியது. ஈரத்துணிக்கு மசியவில்லை, மிதியை முழுதும் அழுத்தினால் கரும்புகையோடு எழுந்தது. ஆக அஜீரணம். ஹெரால்டில் பெட்ரோல் உள்ளே போகும் குழாயும் புகை வெளியேறும் குழாயும் என்ஜினின் ஒரே பக்கத்தில் உள்ளன; அடுப்பின் மேல் பால் வைத்தது போலக் கார்புரேட்டர் உட்கார்ந்திருக்கிறது. போதாக்குறைக்கு, எரிசாராயம் 20 சதவீதம் கலந்த பெட்ரோல் 2025-க்குள் நாடெங்கும் வந்துவிட்டது. இக்கலவை பழைய வண்டிகளின் ரப்பரையும் பதம் பார்க்கக்கூடியது. 1969-இல் இந்த என்ஜின் குடித்த பெட்ரோல் இப்போது எந்தப் பங்கிலும் கிடையாது. அண்ணாச்சியின் யோசனைப்படி, கார்புரேட்டருக்கு அடியில் தடித்த ஹைலம் ஷீட்டை வெட்டிப் பேக்கிங்காக வைத்தோம். புகைக் குழாயை ஒட்டிப் போன பெட்ரோல் குழாயை விலக்கிக் கட்டினோம். பம்பின் டயாபிரம், ரப்பர்க் குழாய்கள் யாவும் புதியவை. இப்போது தயக்கம் குறைந்திருக்கிறது. அடியோடு போய்விட்டதா என்பதை அடுத்த சித்திரை வெயில்தான் சொல்ல வேண்டும்.

தாயார் இருமுறை திருத்தங்கலுக்குப் போய் வந்துவிட்டார். காயலான் கடைப் பேச்சு எங்களுக்குள் ஓய்ந்திருக்கிறது. பதிவைப் புதுப்பிக்கும் செலவை மூவரும் பகிர்ந்துகொள்வதாக ஏற்பாடு. டைனமோவின் பேரிங் இலேசாகக் கீச்சிடுகிறது. அதைக் கவனிக்க வேண்டும்.

டைரி எழுதும் வழக்கத்தை மறுபடியும் தொடங்கியிருக்கிறோம். தந்தையார் எழுதியது போலத் தேதியும் விலையும் எழுதுகிறோம். அவற்றோடு, சூட்டில் எத்தனை வோல்ட், குளிரில் எத்தனை வோல்ட், எந்தத் திருகைக் கழற்றினோம், அதன் அடியில் என்ன இருந்தது என்பதையும் சேர்த்து எழுதுகிறோம். அடுத்த முறை பேட்டரி செத்தால், 'பேட்டரி மாற்றப்பட்டது' என்ற வரிக்கு மேலே 'எதனால்' என்று ஒரு வரிக்கு இடம் விட்டிருக்கிறோம். அதை நிரப்பாமல் கடைக்குப் போவதில்லை என்பது எங்களுக்குள் நாங்கள் செய்துகொண்ட ஒப்பந்தம்.